காரியக்காரர் ஓடிய மார்கழி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பிலிருந்து போன் வந்தது. 'குளிர்காலத்தில் வெளியே ஓடுவதன் இன்பம்' என்று ஐந்நூறு வார்த்தையில் கட்டுரை வேண்டும், புதன்கிழமைக்குள். "கொஞ்சம் ஜாலியா இருக்கணும் சார், கொஞ்சம் மெடிக்கலாவும் இருக்கணும்" என்றது அந்தப் பெண் குரல். சரி என்றேன். கேட்டதற்கெல்லாம் சரி என்கிற வயதில் இருக்கிறேன்.

உட்கார்ந்து எழுதினேன்:

குளிர்காலத்தில் வெளியே ஓடுவது உடலுக்கும் உள்ளத்துக்கும்

அதோடு நின்றது. தஞ்சாவூர்க்காரன் குளிர்காலத்தைப் பற்றி என்ன எழுதுவது? இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கினாலே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, இருமல் எப்போது வரும் என்று காத்திருக்கிற கூட்டம் நாங்கள். நான் கடைசியாக ஓடியது மன்னார்குடி பஸ்ஸுக்காக. அது நிற்கவில்லை.

புதன்கிழமை போயிற்று. வியாழக்கிழமை கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற பஸ்ஸில் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, அதே வரியை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் எட்டிப் படித்தார். ரிட்டயர்டு டீச்சர், பெயர் வள்ளியம்மை. அடுத்தவர் நோட்டைப் படிப்பது அவருக்கு முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

"ஓடறதப் பத்தியா? எங்க அப்பா ஓடுனவருதான்."

"அடடா. ஓடிப்போயிட்டாரா?" என்றேன், அனுதாபமாக.

"ஓடிப்போகல சார். ஓடுனாரு. தெனம் விடியக்காலையில. எழுபதாம் வருஷம் மார்கழி. அதுவும் மிராசுதார்கிட்ட காரியக்காரரா இருந்துகிட்டு."

பஸ் பஞ்சரானது. ஐம்பது நிமிடம் புளியமரத்தடியில் நின்றோம். அவர் சொன்னார், நான் கேட்டேன். இறங்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதுறதுன்னா எழுதுங்க. ஆனா எங்க அப்பாவ நல்லவராக்கிடாதீங்க. செத்தவங்களை எல்லாம் நல்லவங்களாக்குற பழக்கம் எனக்குப் புடிக்காது."

கட்டுரை இன்னும் போகவில்லை. அந்தப் பெண் போன் செய்வதையும் நிறுத்திவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: மார்கழிப் பனி வயல்களின் மேல் வெள்ளைத் துணியாகப்

(அடித்துவிட்டேன். இந்த வாக்கியத்தை நானே இதற்கு முன் நான்கு கதைகளில் எழுதியிருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: குடும்பம் ஒன்றுக்குப் பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கக் கூடாதென்று அரசு சட்டம் கொண்டுவந்த

(இதுவும் வேண்டாம். பரீட்சைக்குப் படிப்பது போல இருக்கிறது. ஆனால் விஷயம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் வரியை அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.)

மூன்றாம் தொடக்கம்: சாரங்கபாணிக்கு ஓட வராது.

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

சாரங்கபாணிக்கு ஓட வராது. வயது நாற்பத்துநான்கு. நெடுவாக்கரை* மிராசுதார் அமிர்தலிங்கத்திடம் இருபத்திரண்டு வருடமாகக் காரியக்காரர். அதாவது மிராசுதாரின் கண்ணும் வாயும். எந்த வயலில் எத்தனை ஆள் இறங்குவது, எப்போது கரையேறுவது என்பதையெல்லாம் வரப்பில் குடையோடு நின்று கத்திச் சொல்கிறவர். வயிறு அவருக்கு அரை அடி முன்னால் போகும். பண்ணையில் ஓடுவது ஆட்களின் வேலை. 'ஓடு' என்று சொல்வதுதான் அவர் வேலை.

மார்கழி ஐந்தாம் தேதி அமிர்தலிங்கம் கூப்பிட்டுவிட்டார். கூடம் முழுக்கப் பத்திரங்கள் பரப்பிக் கிடந்தன. உச்சவரம்புக்குப் பயந்து நிலத்தை மைத்துனர் பேரில், மாப்பிள்ளை பேரில், குலதெய்வத்தின் பேரில் எல்லாம் எழுதியாகிவிட்டது. சமையல்காரர் பேரில் ஐந்து ஏக்கர் எழுதியதில்தான் ஒரு சிக்கல்: பத்திரத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே அவர் செத்துப்போயிருந்தார்.

"அந்த மருதையன் விடியக்காலையில வரப்பு வரப்பா ஓடுறானாம்யா."

மருதையன் கீழத்தெருக் கூலியாள். முப்பது வயது, ஒல்லி, அதிகம் பேசாதவன்.

"ஓடட்டுமேங்க" என்றார் சாரங்கபாணி.

"என்னய்யா ஓடட்டும்? அடி எண்ணுறான்யா. எந்த வயலு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு அளந்து கூலிக்காரனுங்க சங்கத்துல குடுக்கப்போறான். சங்கம் தாலுகா ஆபீசுல குடுக்கும். நாளையிலேருந்து அவன் பின்னாடியே போ."

"போறேங்க. ஆனா அவன் ஓடுவானேங்க?"

"நீயும் ஓடு."

\* ஊர்ப் பெயர் என் கற்பனை. வள்ளியம்மை சொன்ன ஊரில் இன்றைக்கும் அந்தப் பத்திரங்களில் பாதி உயிரோடு இருக்கிறது.

3

முதல் நாள் நாலரை மணிக்கு எழுந்ததும் மனைவி பிரகதாம்பாள் பதறிப்போய்க் கேட்டாள்.

"என்னங்க, எந்த வீட்டுல சாவு?"

"சாவு இல்ல. ஓடப்போறேன்."

அவள் விளக்கைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஸ்வெட்டர், மப்ளர், டார்ச், குடை. மழை இல்லை, ஆனால் குடை இல்லாமல் வயலுக்குப் போய்ப் பழக்கமில்லை. ஆற்றங்கரை அரசமரத்தடியில் பதுங்கியிருந்தார். பனிக்குள் முதலில் சத்தம்தான் வந்தது, ஈர மண்ணில் பாதம் தட்டுகிற சத்தம். பிறகு மருதையன் வந்தான், கடந்தான், மறைந்தான். சாரங்கபாணி அறுபது அடி ஓடினார். அறுபத்தோராவது அடி நண்டு வளைக்குள் போயிற்று. குடை வாய்க்காலோடு போயிற்று.

மருதையன் திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கினான்.

"என்னங்க, மாடு அவுத்துக்கிச்சா?"

"ஆமா" என்றார் சாரங்கபாணி. வேறு என்ன சொல்ல முடியும்?

இல்லாத மாட்டை இரண்டு பேரும் அரை மணி நேரம் தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். மூன்றாம் நாள் மருதையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அந்த மாட்ட வித்துடுங்க. உங்களுக்கு ஒடம்பு தாங்காது."

[இந்த இடத்தில் என் மனைவி குறுக்கிட்டாள். அந்த வருடங்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதலாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு எரித்து அந்த மார்கழியோடு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. விடியலில் யாராவது ஓடுகிற சத்தம் கேட்டால் கீழத்தெருவில் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். 'மருதையன்தான்' என்று யாராவது சொன்ன பிறகுதான் மறுபடி தூங்குவார்கள். இதை நான் மறக்கவில்லை. மறக்காமல்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.]

நான்காம் நாள் கீழத்தெரு பார்த்தது என்னவென்றால்: முன்னால் மருதையன் ஓடுகிறான், பின்னால் பண்ணைக் காரியக்காரர் டார்ச்சோடு ஓடுகிறார். பத்துப் பன்னிரண்டு பேர் அரிவாளோடு கரைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் நீலாம்பாள். ஐம்பதை நெருங்குகிறவள், நடவுப் பெண்களுக்குத் தலைவி, சங்கத்திலும் முதல் வரிசை.

"எதுக்குங்க எங்க புள்ளையத் துரத்துறீங்க?"

சாரங்கபாணிக்கு மூச்சு வரவில்லை. வந்தபோது உண்மையும் சேர்ந்து வந்துவிட்டது.

"துரத்தல. பின்னாடி... ஓடுறேன்."

"அத்தை, அவரு மாடு தேடுறாரு" என்றான் மருதையன்.

கூட்டம் கலைந்தது. ஆனால் சங்கத்துக் கிளைச் செயலாளர் இளையபெருமாளுக்குச் சந்தேகம் பிறந்துவிட்டது. காரியக்காரர் ஒரு கூலியாளின் பின்னால் சண்டை சச்சரவு இல்லாமல் தினமும் ஓடுகிறார் என்றால், அவர்களுக்குள் என்ன? அறுவடைக் கூலிக்கு அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டு சங்கம் கொடி ஏற்றப்போகிற நேரம். மருதையன் சங்கத்துச் சேதியைப் பண்ணைக்கு விற்கிறானோ? யாராவது கூடவே ஓடிக் கண்காணிக்க வேண்டும். ஆண்கள் எல்லாரும் கால்வலி என்றார்கள். நீலாம்பாள், "நான் போறேன்" என்றாள்.

4

ஆக, ஐந்தாம் நாளிலிருந்து மூன்று பேர். முன்னால் மருதையன். அவனை வேவு பார்க்க சாரங்கபாணி. இருவரையும் வேவு பார்க்க நீலாம்பாள். அவள் சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து செருகிக்கொண்டு, வேவு பார்க்கப்பட வேண்டியவரை முதல் நாளே முந்திப் போய்விட்டாள்.

"மெதுவா வாங்க காரியக்காரங்களே. வரப்பு வழுக்குதுங்க" என்றாள் முதல் நாள், போகிற போக்கில்.

மூன்றாம் நாள்: "வழுக்குது. பாத்து."

ஐந்தாம் நாள்: "வா, வா."

சாரங்கபாணி அதை வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உணர்ந்தார். 'வா' என்றாளா? கோபப்பட முயன்றார். ஓடி முடித்த உடம்பில் கோபம் சரியாகப் பிடிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், இருபது வருடமாக 'ஏ நீலாம்பா' என்று கூப்பிட்டவர் அன்றைக்கு அந்த 'ஏ'யைப் போடவில்லை. போட மூச்சு இல்லை.*

இப்போது நான் எழுதத் தவறிய கட்டுரையின் பகுதி வருகிறது. சாரங்கபாணிக்கு அது பிடித்துப்போனது. எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் ஓடியவன் இல்லை. அவர் மகளிடம் சொன்னதை மகள் என்னிடம் சொன்னபடி சொல்கிறேன்.

முதல் நூறு அடி கொடுமை. காது எரியும். விரல்கள் யாருடையவோ போல இருக்கும். உடம்பு 'திரும்பு திரும்பு' என்று கெஞ்சும். மதகைத் தாண்டுகிற இடத்தில் உள்ளே ஏதோ பற்றிக்கொள்ளும். அடிவயிற்றில் தொடங்கி நெஞ்சுக்கு, தோளுக்கு, கடைசியில் காதுமடலுக்கு. வெளியே குளிர், உள்ளே சூடு, நடுவில் தோல் மட்டும். பீடி இல்லாமலே வாயிலிருந்து புகை. கதிர் வாங்கிய சம்பாப் பயிர் இரண்டு பக்கமும் முழங்காலில் பனியைத் தடவிவிடும். ஆறாம் நாள் ஸ்வெட்டர் போயிற்று. எட்டாம் நாள் மப்ளர் போயிற்று. பனிமூட்டத்தில் இருபது அடிக்கு அப்பால் எது யாருடைய வயல் என்று அவருக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம். யாரிடமும் கத்த வேண்டியதில்லை. கத்தினாலும் யார் என்று யாருக்கும் தெரியாது.

"அந்த நேரத்துக்கு நான் யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்வாராம் மகளிடம்.

ஒரு நாள் மதகுச் சுவரில் இரண்டு வேவுகாரர்களும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். மருதையன் பனிக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தான்.

"நீ போயி யாருக்குச் சொல்லணும்?" என்றார் சாரங்கபாணி.

"இளையபெருமாளுக்கு."

"என்ன சொல்றே?"

"சும்மா ஓடுறான்னு."

"நம்புறாரா?"

"எங்க நம்புறாரு. உங்க ஐயா?"

"எங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு, ஒன்றாகச் சிரித்துவிட்டோமே என்று இரண்டு பேரும் எழுந்துகொண்டார்கள்.

\* மரியாதை விகுதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் கவனிக்க: மூச்சு வாங்கும்போது முதலில் உதிர்வது '-ங்க'. சங்கம் அதே '-ங்க'வை உதிர்க்க ஐந்தாறு வருடம் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

5

கடைசியில் சாரங்கபாணி நேராகவே கேட்டுவிட்டார். "டேய் மருதையா, மாடெல்லாம் ஒண்ணும் இல்ல. உண்மையச் சொல்லு. எதுக்கு ஓடுறே?"

மருதையன் கொஞ்சம் யோசித்தான். "போத்திக்க ஒண்ணும் இல்லீங்க. குளுருது. ஓடுனா சூடாயிடும்."

சாரங்கபாணிக்குப் பெரிய பாரம் இறங்கியது. காரணம் கிடைத்துவிட்டது! வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, பிரகதாம்பாள் "அது எங்கப்பா குடுத்த கம்பளிங்க!" என்று கத்தக் கத்த, பழைய கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இனி ஓட்டம் நிற்கும். ஐயாவும் நிம்மதியாகத் தூங்குவார்.

மறுநாள் காலை, நின்றுவிட்டானா என்று பார்க்க அரசமரத்தடிக்குப் போனார். பனிக்குள் அதே சத்தம். கம்பளியைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு மருதையன் ஓடி வந்தான்.

"கம்பளிதான் குடுத்தேனேடா!"

"நல்ல கம்பளிங்க. காதுக்கு இதமா இருக்கு."

"அப்பறம் ஏன்டா ஓடுறே?"

நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு மருதையன் சொன்னான்: "மத்த எல்லாத்தையும் யாராச்சும் சொல்லித்தாங்க செய்யறேன். இத யாரும் சொல்லல." ஓடிவிட்டான்.

நான் இந்த மருதையனை நம்பவில்லை. கதையில் ஒருவன் காரணமில்லாமல் ஓடலாமா? வாசகர் கேட்பாரே? அதனால் சில காரணங்கள் தைத்துப் பார்த்தேன்:

சிறு வயதில் அவனுடைய தம்பி ஒருநாள் வெள்ளத்தில்

பக்கத்து ஊரில் அவன் மனதுக்குப் பிடித்த ஒரு பெண் விடியலில் தண்ணீர் எடுக்க

உண்மையில் அவன் அடி எண்ணிக்கொண்டுதான்

வள்ளியம்மைக்குப் போன் செய்து மூன்றையும் படித்துக் காட்டினேன். "நீங்களும் அந்த மிராசுதார் மாதிரிதான் இருக்கீங்க சார்" என்றார். மூன்றையும் நிறுத்திவிட்டேன். இருந்தாலும் அழிக்கவில்லை, என் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கும் தெரியட்டும்.

6

"சும்மாதாங்க ஓடுறான்" என்று சாரங்கபாணி எட்டாவது தடவை சொன்னபோது அமிர்தலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"சும்மா எவன்யா ஓடுவான்? உனக்கு அது தெரியற அளவுக்குப் புத்தி இல்ல. விடு, நாளையிலேருந்து நீ போகவேணாம். நான் வேற வழி பாத்துக்கறேன்."

அன்றைக்கு மார்கழி பதினெட்டு. இந்தத் தேதியை நினைவில் வையுங்கள், ஸ்டேஷனில் கேட்பார்கள்.

பத்தொன்பதாம் தேதி விடியலில் சாரங்கபாணி எழுந்தார். போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது. படுத்தார். புரண்டார். எழுந்து போய்விட்டார். இருபதாம் தேதியும். இருபத்தோராம் தேதியும். பிரகதாம்பாளிடம், "ஐயா இன்னும் போகச் சொல்றாரு" என்று பொய் சொன்னார். கல்யாணமானதிலிருந்து அவளிடம் சொன்ன மூன்றாவது பொய் என்று வள்ளியம்மைக்கு நம்பிக்கை. மற்ற இரண்டையும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

மார்கழி இருபத்தெட்டு மாலை அமிர்தலிங்கம் கூப்பிட்டார். எழுதித் தயாராக ஒரு காகிதம் இருந்தது. ஆற்றோரத்து வயலில் முன்னதாக முற்றியிருந்த கதிரை அன்று விடியலில் மருதையன் அறுத்து, இரண்டு கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினான். காரியக்காரர் சாரங்கபாணி கண்ணால் கண்டார். கீழே கையெழுத்துக்கு இடம்.

"அவன் உள்ள போனா அறுப்பு முடியறவரைக்கும் சங்கத்துக்காரனுங்க அவன் கேசுக்கு அலைவானுங்க. கூலி பேச வரமாட்டானுங்க. போடு."

முதல் பிரதியில் சாரங்கபாணி பேனாவை வீசி எறிந்தார். 'இருபத்திரண்டு வருட உப்பைவிட' என்று தொடங்கி ஒரு வசனமும் பேசினார். நன்றாகவே வந்திருந்தது. வள்ளியம்மை போனில் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"போட்டாரு சார். கையெழுத்துப் போட்டாரு. அப்ப எனக்குப் பதினோரு வயசு. பொங்கலுக்குப் பாவாடை தச்சு வச்சிருந்தாங்க. குடியிருந்தது பண்ணை வீடு. போடாம என்ன செய்வாரு? நான்தான் முன்னாலேயே சொன்னேனே."

போட்டார். தன் பெயரின் கடைசி எழுத்துக்கு வழக்கமாகப் போடுகிற சுழியைக்கூட விடாமல் போட்டார். அன்று சாயங்காலமே மருதையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

7

மறுநாள் விடியலில் கால் தானாக ஆற்றங்கரைக்குப் போயிற்று. அரசமரத்தடியில் நின்றார். பனி இருந்தது, குளிர் இருந்தது. சத்தம் இல்லை. மரத்து வேரில் நீலாம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து விடியக்காலையில மூணு பேரும்தானே ஓடுனோம்" என்றாள். "அவன் கையில கதிர் இருந்துச்சா?"

அவள் விடவில்லை.

"கட்டு ரெண்டு. தூக்கிக்கிட்டு ஓடுனானாம். நான் அவனுக்கு இருவது அடி பின்னாடி. நீ எனக்குப் பின்னாடி."

"நீ போயி சொல்லேன்."

"சொன்னேன். நேத்தே ஸ்டேஷனுக்குப் போயி சொன்னேன். உங்க ஆளுக்கு உங்க ஆளே சாட்சியான்னு வெளிய தள்ளிட்டானுவ. கையெழுத்துப் போட்டவரு வந்து சொல்லணுமாம்."

சாரங்கபாணி ஓடத் தொடங்கினார். வழக்கமான பாதையில் மதகைத் தாண்டி, தினமும் திரும்புகிற வரப்பு வரைக்கும். அங்கே திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. ஸ்டேஷன் அங்கிருந்து நான்கு மைல். (எந்த ஊர் ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். நான் இந்தப் பக்கத்திலேயே இன்னும் குடியிருக்க வேண்டும்.) பஸ் ஏழு மணிக்குத்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. இரண்டாவது மைலில் விலா பிடித்தது. மூன்றாவதில் செருப்பு அறுந்தது. நீலாம்பாள் முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி போய்க்கொண்டிருந்தாள்.

"உக்காந்துடாதே. உக்காந்தா எழுந்திரிக்க மாட்டே."

8

சப்-இன்ஸ்பெக்டர் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சேறும் வியர்வையுமாக ஒரு பெரிய மனிதர், பின்னால் ஒரு பெண்.

"யாருய்யா துரத்துறது?"

"யாரும்... துரத்தலீங்க."

தண்ணீர் குடித்து, மூச்சு வந்து, விஷயத்தைச் சொன்னார். கையெழுத்து தன்னுடையதுதான், எழுதியிருப்பது பொய். இருபத்தெட்டாம் தேதி விடியலில் மருதையன் கையில் ஒன்றும் இல்லை. தலையில் ஒரு கம்பளி இருந்தது, அதுவும் தான் கொடுத்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "எழுதுய்யா. நீங்க அங்க எதுக்குப் போனீங்க?"

"அவன் பின்னாடி ஓடுனேங்க."

"எதுக்கு?"

"ஐயா வேவு பாக்கச் சொன்னாரு."

"எப்ப வரைக்கும்?"

"பதினெட்டாம் தேதி வரைக்குங்க. அப்பறம் வேணாம்னுட்டாரு."

"சம்பவம் இருபத்தெட்டு. நடுவுல பத்து நாள். பதினெட்டோட வேணாம்னுட்டாரே, அப்பறம் நீங்க அங்க என்ன பண்ணீங்க?"

பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னபோது வராத வெட்கம் சாரங்கபாணிக்கு இப்போது வந்தது. கம்பிக்குப் பின்னால் மருதையன் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அவனும் பதிலுக்குக் காத்திருப்பது போலத் தெரிந்தது.

"நல்லாருந்துச்சுங்க" என்றார் சாரங்கபாணி.

"என்னது?"

"ஓடுறது. குளிர்ல. நல்லாருந்துச்சு."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "அய்யா, இத எப்படி எழுதறது?"

"எழுத முடியாதுய்யா. கோர்ட்டுல சிரிப்பாங்க." சப்-இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். மூன்று வாரமாக நானும் அதையேதான் பட்டுக்கொண்டிருக்கிறேன். "நடுத்தர வயசு ஆளு. விடியக்காலை. ஆத்தங்கரை. அவசரமா ஓடுறாரு. எழுது: 'மேற்படி சாட்சி கடும் வயிற்றுப்போக்கு காரணமாக...'"

"ஐயோ, வேணாங்க!"

"அப்ப வேற காரணம் சொல்லுங்க."

வேறு காரணம் இல்லை.

"பத்து நாளுமாங்க?" என்று கேட்டார் ஏட்டு, எழுதியபடியே.

"பத்து நாளும்தான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். நெடுவாக்கரைப் பண்ணையின் காரியக்காரர், பத்து நாள் ஓயாத வயிற்றுப்போக்கு என்று அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை சுழி போட மறந்துவிட்டது.

ஏழரை மணிக்கு மருதையனை வெளியே விட்டார்கள்.

9

கடைசியாக நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பிற்பாடு நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் செய்தால் மனம் அலையாது.

வேலை அன்றைக்கே போயிற்று. பொங்கலன்று சாமானை வண்டியில் ஏற்றினார்கள். பிரகதாம்பாள் இரண்டு நாள் பேசவில்லை; மூன்றாம் நாள், "வேலை போனதக்கூடத் தாங்கிக்குவேன், வயித்துப்போக்குன்னா எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியாமல் அழுதாள். கும்பகோணத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. எண்பத்தோரு வயது வரைக்கும் இருந்தார். சங்கம் மருதையனை ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டது. தை மாதம் கூலிப் பேச்சு நடந்தது. அரை மரக்கால் கேட்டார்கள், கால் மரக்கால் கிடைத்தது. சமையல்காரர் பேரில் இருந்த ஐந்து ஏக்கர் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

இனி அந்தக் காலை.

ஸ்டேஷனுக்கு எதிரே சேக் தாவூது டீக்கடை. அங்கே எல்லாருக்கும் ஒரே கிளாஸ். மூன்று பேரும் நின்று டீ குடித்தார்கள். மருதையன் வீங்காத பக்கமாக உறிஞ்சினான். பாதி குடித்ததும் கேட்டான்.

"முதல் காகிதத்துல கையெழுத்துப் போட்டது நீதானே?"

நின்றுகொண்டிருக்கும்போது, மூச்சு வாங்காதபோது, சொன்ன 'நீ'.

"ஆமா" என்றார் சாரங்கபாணி.

மருதையன் மீதி டீயைக் குடித்தான். கிளாஸை வைத்தான். கம்பளியைத் தலையிலிருந்து அவிழ்த்து, மடித்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்தான். பிறகு ஊர்ப் பக்கமாக ஓடத் தொடங்கினான். நீலாம்பாள் அவரை ஒரு தடவை பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு அவளும் போனாள்.

இதற்கு மேல் வள்ளியம்மைக்குத் தெரியாது. அப்பா எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்தில் எழுந்து கை கழுவப் போய்விடுவாராம்.

நான் எழுதிப் பார்த்தவை: அவர் பின்னால் ஓடுகிறார், மருதையன் வேகத்தைக் குறைக்கிறான். (என் மனைவிக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னிக்க வேண்டியவன் மருதையன். அவனுக்காக நான் மன்னிப்பது எப்படி?) அல்லது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏழேகால் பஸ் போய்விட்டதால் எட்டு மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார், அதற்குப் பிறகு ஆயுளில் ஓடவே இல்லை. (விமர்சகர்கள் மெச்சுவார்கள். ஆனால் அந்தப் பத்து நாள் ஓடிய மனிதரை எங்கே வைப்பது?) அல்லது, அவர் ஓடுகிறார், அவர்கள் நிற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை, நடுவில் இருக்கிற நூறு அடி அப்படியே

வேண்டாம். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். பனி கலைந்து வெயில் வந்துவிட்டது. கடைத்தெருவில் ஆள் நடமாட்டம். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பொங்கலுக்குக் கரும்பு இறக்குகிறவர்கள். பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். வெளிச்சத்தில் அவர் ஓடி ஒருவரும் பார்த்ததில்லை. முன்னால் நீலாம்பாளின் முதுகு, அதற்கு முன்னால் மருதையன், இருவரும் சின்னதாகிக்கொண்டே போகிறார்கள். போகச் சொல்ல யாரும் இல்லை, போகாதே என்று சொல்லவும் யாரும் இல்லை. சாரங்கபாணி வெறுங்காலோடு நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். (நடப்பதற்கும் மடித்துத்தான் கட்டுவார்கள், இதை வைத்து எதுவும் தீர்மானிக்க வேண்டாம்.) கம்பளியை எடுத்தார். தெருவில் இறங்கினார்.

காலை எடுத்து வைத்துவிட்டார். எவ்வளவு வேகமாக என்பதை நீங்கள்தான்